பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?
கடைவீதிக்கு ஒரு குழந்தைக் காப்பகம்: நமது கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டிய ஒன்று

நமது கடையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பெண் ஒருவர் இருந்தார். முந்நூறு வகைச் சரக்குக்கும் விலை அவருக்கு மனப்பாடம். எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யார் கணக்கில் எவ்வளவு பற்று நிற்கிறது, எந்த வாடிக்கையாளருக்குப் பருப்பைப் புடைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சிட்டையைப் பார்க்காமலே சொல்வார். பிரசவத்துக்குப் போனார். ஆறு மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்து நின்றார்.

"வேலைக்கு வரணும்னுதான் இருக்கேன் அண்ணாச்சி. ஆனா பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?"

நம்மிடம் பதில் இல்லை. பாக்கிச் சம்பளத்தையும் மேலே கொஞ்சம் பணத்தையும் கொடுத்து அனுப்பி வைத்தோம். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவும் நினைத்துக்கொண்டோம். அடுத்து வந்த ஆள் வேலை பழகுவதற்குள் தீபாவளி வியாபாரம் முடிந்துவிட்டது. எடையில் பிழை, பற்றுக் கணக்கில் பிழை, பழைய வாடிக்கையாளர் இருவர் பக்கத்துக் கடைக்குப் போனது என்று நட்டத்தை எண்ணிப் பார்த்தபோதுதான், அந்தப் பெண் கேட்டது அவர் வீட்டுக் கேள்வி மட்டுமல்ல, நமது கடைக் கேள்வியும்தான் என்பது புரிந்தது.

வணிகப் பெருமக்கள் யாரும் இதை அறியாதவர்கள் அல்ல. ஆட்கள் வைத்து நடத்தும் கடைகளில் மட்டுமா இந்தச் சங்கடம்? கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறு மளிகைக் கடைகளில், அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் சேலைத் தூளி தொங்குவதை நாம் பார்க்கவில்லையா? மிளகாய் வற்றல் நெடியில் குழந்தை தும்முகிறது. தவழும் வயதில் கொக்கித் தராசையும் எலிப் பொறியையும் தொட்டு விளையாடுகிறது. கல்லாவில் உட்கார்ந்த தாய் ஒரு கண்ணை வாடிக்கையாளர் மீதும் ஒரு கண்ணைக் குழந்தை மீதும் வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறார். நம்மில் பலரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அதற்காக நம் பேரப்பிள்ளைகளும் அப்படியே வளர வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை.

சட்டம் எந்த வாசலோடு நிற்கிறது?

வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதிது அல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1966-ம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் அதே வழியில் சென்றன. 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி கட்டாயம் என்றும் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த 50 என்ற எண்ணையே வைத்திருக்கிறது.

ஐம்பது பேர் வேலை பார்க்கும் மளிகைக் கடை நமது வீதியில் எத்தனை? இரண்டு பேர், ஐந்து பேர், மிஞ்சினால் பத்துப் பேர். ஆக, பெரிய ஜவுளி மாளிகைக்கும் பனியன் கம்பெனிக்கும் சட்டம் வாசல் திறந்திருக்கிறது. நமது கடைவீதி முழுவதும் வாசலுக்கு வெளியே நிற்கிறது. நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேன் அனுப்பி ஆள் அழைக்கும் ஆலையோடு நாமும் ஆளுக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. அங்கே காப்பகமும் இருந்தால், கைக்குழந்தைக்காரர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் சட்டத்தின் எண்ணை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொரு கடைக்காரரையும் காப்பகம் வைக்கச் சொல்லலாமா? அது நடவாத காரியம். ஒரு பெண்ணுக்காக ஒரு காப்பகம் எந்தக் கடையும் வைக்க முடியாது. அப்படி ஒரு சுமை வந்தால், "கல்யாணமான பெண்ணே வேண்டாம்" என்று சொல்லிவிடும் மனம் நம்மில் சிலருக்கு உண்டு என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு நன்மை செய்ய வந்த சட்டமே அவர் வேலைக்கு உலை வைத்ததாக முடியும். ஆகவே இது தனிக் கடையின் செலவாக இருக்கக் கூடாது. பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய காரியம் என்பதுதான் நமது கருத்து.

பால்வாடி இருக்கிறதே?

இருக்கிறது. அதில் தமிழ்நாடு பெருமைப்படவும் உரிமை இருக்கிறது. தொழிலும் வணிகமும் அறிந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு கொடுக்க மாநகராட்சி முடிவு செய்தது. ஒரு மாணவனுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலம் முழுவதும் பரவியது. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி அங்கன்வாடிகள் வந்தன. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதில் தட்டு வைக்கப்பட்டது. "இவ்வளவு செலவை அரசு தாங்குமா?" என்று அன்று கேட்டவர்கள் பலர். 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டில் அது பல ஆண்டுப் பழக்கமாகியிருந்தது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

ஆனாலும் நமது கடைக்கு வந்த பெண்ணின் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. ஏன்? ஒரு குழந்தையின் கணக்கைப் பேரேடு போல வரிசையாகப் புரட்டிப் பார்ப்போம்.

தாய் கர்ப்பமுற்றதும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். அதை வீட்டுக்குத்தான் வாங்கிப் போக வேண்டும். இரண்டு வயதானால் பால்வாடியில் உட்காரலாம். சாப்பாடு, முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. பள்ளிக்குப் போனால் சத்துணவு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்திருக்கிறது.

இந்தப் பேரேட்டில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது. அந்த வயதுக் குழந்தையைப் பகல் முழுதும் வைத்துப் பார்த்துக்கொள்ள பால்வாடியில் ஏற்பாடு இல்லை. இரண்டு வயதுக்கு மேலும் சிக்கல் தீர்வதில்லை. பால்வாடிப் பிள்ளைகள் பிற்பகலிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள். நமக்கோ மாலை ஐந்துக்கு மேல்தான் வியாபாரம் சூடு பிடிக்கும்.

டில்லியிலிருந்து வந்த திட்டம்

காப்பகத்துக்கென்றே மத்திய அரசு பணம் ஒதுக்கிய வரலாறும் உண்டு. அதற்கு முன்னோடியாக ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். 1969-ல் டில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்தபோது, சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன், அந்த இடத்திலேயே கூடாரம் போட்டு ஒரு காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. வேலை நடக்கும் இடத்துக்கே காப்பகம் போக வேண்டும் என்பது அது சொல்லிக் கொடுத்த பாடம்.

2006-ல் ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் குழந்தைக்கு மாதம் 20 ரூபாய் கட்டினால் போதும் என்ற அளவுக்குக் கட்டணம் குறைவாக இருந்தது. ஒரு காலத்தில் நாடு முழுவதும் 20,000-க்கு மேற்பட்ட காப்பகங்கள் இதில் நடந்தன. 2017-ல் திட்டத்தின் நிதிப் பங்கீட்டை மாற்றினார்கள். அதுவரை செலவில் 90 பங்கு கொடுத்த மத்திய அரசு, 60 பங்கு மட்டும் தானே ஏற்று, மாநிலத்துக்கு 30, நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு 10 என்று பிரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் காப்பகங்களின் எண்ணிக்கை 7,000-க்கும் கீழே இறங்கியது. முதல் போட்டவர் பாதியில் பின்வாங்கினால் கூட்டு வியாபாரம் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

2022 முதல் 'பால்னா' என்ற பெயரில் திட்டம் புது வடிவம் பெற்றிருக்கிறது. பால்னா என்றால் தொட்டில். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளை, மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் வைத்துப் பார்த்துக்கொள்வது இதன் நோக்கம். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து 17,000 மையங்கள் நாடு முழுவதும் அமைப்பது இலக்கு. செலவில் மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40. நாம் கேட்பதற்கு ஒரு பிடி இங்கே இருக்கிறது என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. இருக்கும் திட்டத்தைக் கடைவீதிக்குக் கொண்டு வாருங்கள் என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணிகரிடம் பேசும்போது கணக்கோடு பேச வேண்டும். கீழே உள்ள தொகைகள் எங்கும் எடுத்த புள்ளிவிவரம் அல்ல. ஒரு நடுத்தர ஊர்க் கடைவீதியை மனத்தில் வைத்து நாமே போட்ட உத்தேசக் கணக்கு. உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

25 குழந்தைகளுக்கு ஒரு காப்பகம். பார்த்துக்கொள்ள மூன்று பெண்கள், தலைக்கு 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 36,000. பால், சாப்பாடு ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், 26 நாளுக்கு 13,000. வாடகை, தண்ணீர், மின்சாரம் 8,000. பாய், சோப்பு, மருந்து, விளையாட்டுச் சாமான் 3,000. ஆக மாதம் 60,000 ரூபாய். ஒரு குழந்தைக்கு 2,400.

மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பெண் இந்த 2,400-ஐக் கட்டி, போக வரச் செலவும் போட்டால், "இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்" என்றுதான் முடிவு செய்வார். 600 ரூபாய் என்றால் கட்டுவார். அப்படியானால் பெற்றோரிடமிருந்து 15,000 வரும். துண்டு விழுவது மாதம் 45,000, ஆண்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம்.

இனி வரவுப் பக்கம். 25 தாய்மார்கள் மாதம் 12,000 வீதம் சம்பாதித்தால் ஆண்டுக்கு 36 லட்சம். அவர்களில் பாதிப் பேர் காப்பகம் இல்லாவிட்டாலும் எப்படியோ வேலைக்கு வந்திருப்பார்கள் என்று கழித்துவிடுவோம். மீதி 18 லட்சம். அந்தப் பணம் எங்கே போகும்? அரிசியாக, எண்ணெயாக, நோட்டுப் புத்தகமாக, தீபாவளித் துணியாக இந்தக் கடைவீதிக்குத்தான் திரும்பி வரும். அதில் ஒரு பங்கு ஜி.எஸ்.டி.யாக அரசுக்கும் போய்ச் சேரும். ஐந்தரை லட்சம் போட்டுப் பதினெட்டு லட்சம் புரளும் வியாபாரத்தை நம்மில் யார் வேண்டாம் என்போம்?

துண்டு விழும் 45,000 ரூபாயை 150 கடைகள் பகிர்ந்தால் கடைக்கு மாதம் 300 ரூபாய். நாமே போட்டு நடத்திவிடலாமே என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அனுபவம் என்ன சொல்கிறது? முதல் மாதம் 150 பேர் தருவார்கள். ஆறாம் மாதம் 60 பேர். ஓராண்டில் செயலாளரும் பொருளாளரும் மட்டும் மிஞ்சுவார்கள். தராதவர் கடைக்கும் ஆள் கிடைக்கும், வியாபாரம் பெருகும். தெருவிளக்குக்கு யாரும் தனித்தனியாகச் சந்தா வசூலிப்பதில்லை. வரியிலிருந்து போடுகிறோம். இதுவும் அந்த வகைதான்.

இதற்கு நம் கையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் நாம் 3.25 சதவீதமும் பணியாளர் 0.75 சதவீதமும் கட்டுகிறோம். அதில் பதிவான பெண் பிரசவத்துக்குப் போனால் 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, கடைக்காரர் அல்ல. எல்லோரும் சேர்ந்து சுமப்பதால் யாருக்கும் பாரம் தெரிவதில்லை. 27-வது வாரத்திலிருந்து அந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்லை என்பதுதான் குறை.

கியூபெக் மாநிலத்தார் கண்ட கணக்கு

அரசு பணம் போட்டால் திரும்பி வருமா என்ற சந்தேகம் நியாயமானது. நாம் போட்டது உத்தேசக் கணக்கு. செய்து பார்த்தவர்கள் கணக்கு வேண்டும் என்றால் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கே 1997-ல், குழந்தையைக் காப்பகத்தில் விடப் பெற்றோர் நாளொன்றுக்கு 5 டாலர் கொடுத்தால் போதும், மீதியை அரசு ஏற்கும் என்று திட்டம் தொடங்கினார்கள். முதலில் நான்கு வயதுக் குழந்தைகள். பிறகு ஆண்டுக்கு ஒரு வயதாக இறங்கி, 2000-க்குள் கைக்குழந்தைகள் வரை கொண்டு வந்தார்கள். 2004-ல் கட்டணம் 7 டாலராயிற்று. பியர் ஃபோர்த்தன் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய இரு சகாக்களும் 2008-ம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்தார்கள். திட்டத்தால் சுமார் 70,000 தாய்மார்கள் கூடுதலாக வேலைக்கு வந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். அரசு கொடுத்த ஒவ்வொரு 100 டாலர் மானியத்துக்கும், வரியாகவும் மிச்சமான உதவித்தொகையாகவும் மாநில அரசுக்கு 104 டாலரும், மத்திய அரசுக்கு 43 டாலரும் கிடைத்ததாக அவர்கள் கணக்கு. 2021-ல் கனடா மத்திய அரசே நாடு முழுவதும் சராசரி 10 டாலர் கட்டணத்தை இலக்காக வைத்து, ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் ஒதுக்கியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கியூபெக்கில் இடம் கிடைக்காமல் நீண்ட வரிசையில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். பேக்கர், குரூபர், மில்லிகன் ஆகிய மூவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, தாய்மார் வேலைக்கு வருவது கூடினாலும் குழந்தைகளின் நடத்தையிலும் உடல்நலத்திலும் சில குறைகள் தென்பட்டதாகக் கூறியது. மலிவு என்பதற்காகத் தரத்தை விட்டால் சரக்கு கெடும் என்பதே அதன் பாடம். ஒரு ஆயாவிடம் இருபது கைக்குழந்தைகளை ஒப்படைத்துவிட்டுக் காப்பகம் என்று பெயர்ப் பலகை மாட்டுவதை நாம் கேட்கவில்லை.

உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகள்

இது பற்றி நண்பர்களிடம் பேசியபோது வந்த கேள்விகள் இரண்டு.

'வீட்டில் பாட்டி இல்லையா?' இருந்தார்கள். இன்றைக்கு நமது கடைகளில் வேலை செய்வோரில் பலர் பக்கத்துக் கிராமத்தையும் மாவட்டத்தையும் விட்டு வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள். பாட்டி ஊரில் இருக்கிறார். பல வீட்டில் பாட்டியே நூறு நாள் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறார். தாங்கும் பாட்டி இருப்பவர்கள் தாராளமாக அவரிடமே விடட்டும். இல்லாதவருக்குத்தான் காப்பகம்.

'இதற்கென்று நம்மீது இன்னொரு வரி வந்தால்?' வரி என்ற சொல்லுக்கு நாம் அஞ்சுவது இயல்பு. ஆனால் நாம் கேட்பது புது வரி அல்ல. ஏற்கெனவே கட்டும் வரியிலிருந்தும், நகராட்சிக் கடைகளுக்கு நாம் கட்டும் வாடகையிலிருந்தும் நமது வீதிக்கு ஒரு பங்கு. 2021-ல் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியபோது நாம் முணுமுணுத்தோம். ஸ்டூல் போட்டதால் எந்தக் கடையும் மூடப்படவில்லை.

என்ன கேட்பது?

நமது சங்கங்கள் மாவட்ட ஆட்சியரிடமும் நகராட்சியிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகளாக நான்கைச் சொல்கிறோம்.

1. கடைவீதி, தினசரி மார்க்கெட், பேருந்து நிலையம் இவற்றை ஒட்டிய அங்கன்வாடிகளைத் தேர்ந்தெடுத்து, பால்னா திட்டத்தில் காப்பகமாகவும் மாற்ற வேண்டும். ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்க வேண்டும்.

2. ஏழரை மணி நேரம் கடைவீதிக்குப் போதாது. இரண்டு முறையாக ஆள் வைத்து இரவு எட்டு மணி வரையாவது காப்பகம் திறந்திருக்க, கூடுதல் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும்.

3. புதிதாகக் கட்டும் நகராட்சி வணிக வளாகம் ஒவ்வொன்றிலும், கழிவறையும் தண்ணீரும் உள்ள ஓர் அறையைத் தரைத் தளத்தில் இதற்கென்று ஒதுக்க வேண்டும்.

4. காப்பகப் பெண்களுக்கு முறையான பயிற்சியும் மாதம் தவறாத சம்பளமும் வேண்டும். அவர்களும் யாரோ ஒரு பிள்ளையின் தாய்தான்.

கேட்பதோடு நமது கடமையும் இருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பல நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம் என்றும், அரசோ நகராட்சியோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தலாம் என்றும் வழி விட்டிருக்கிறது. 50 பேருக்கு மேல் ஆள் வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் தனித்தனியாகச் செலவு செய்வதைவிட, அதே பணத்தை வீதிக் காப்பகத்தில் போட்டால் சிறு கடைகளின் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். சங்கக் கட்டடம் பகலில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதன் கீழ் அறையைக் கொடுக்க முடியுமா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசலாம். அரிசியும் பருப்பும் அடக்க விலையில் கொடுக்க நம்மிடம் மனம் இல்லாமல் போகாது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். விற்பனை வரிக்கு அழுதோம், கடை வாடகைக்கு அழுதோம், பார்க்கிங்குக்கு அழுதோம். பிள்ளைகளுக்காக இதுவரை நாம் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. நமது கடைக்கு வந்து கேட்ட அந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவருடைய குழந்தை இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும். அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்பார். அப்போதாவது, "அந்த முக்கில்தானம்மா காப்பகம், விட்டுவிட்டு வா" என்று கையைக் காட்டும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.